பசிப்புல் ரோட்டில் ஒரு தை அமாவாசை

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் அங்கே குளிர் எப்படி என்று கேட்கிறார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள். பயம் எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததை நானே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது நடந்து இன்றைக்கு இருபது நாள். இருபது நாளாக அந்த மலை இருக்கும் பக்கம் நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற வேனில் எதிர்ப்பக்கச் சன்னலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்குச் சோழவந்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி ஜெயா நர்ஸ். பழங்காநத்தத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள் முன்னால் வந்தாள். மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். எட்டு வருஷம் ஓடிவிட்டது. மகள் கயலுக்கு இப்போது பதினொன்று.

எனக்கு இங்கே ரோட்டு வேலை. குழி அடைப்பது, ஓரம் வெட்டுவது, வடிகால் தோண்டுவது. என் அப்பாவும் ரோட்டு வேலைதான் பார்த்தார். ஒத்தக்கடைப் பக்கம் மேலூர் ரோட்டில் தார் ஊற்றினார். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கிற தாரில் நடப்பார். வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுக் காலைத் துடைப்பார். எங்கள் வீட்டுச் சோற்றிலும் தார் வாடை இருக்கும்.

ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

2

என்னோடு வேலை பார்க்கிறவன் பெயர் டோனி. என் வயதுதான், ஐம்பத்திரண்டு. முருகேசன் என்ற பெயர் அவன் வாய்க்கு வரவில்லை. மர்ஃபி என்று கூப்பிடுகிறான். அது அவர்கள் ஊர்ப் பெயராம். முதல் வருஷம் அவன் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் எல்லாம் சிரித்து வைத்தேன். ஒருநாள் அவன் தம்பி செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறான். அதற்கும் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

இனி அவன் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

இங்கே கிராமத்து ரோடுகள் ஒல்லியாக இருக்கும். ஒரு கார் வந்தால் நாம் வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நேராகப் போகிற ரோடு திடீரென்று ஒரு முள்மரத்தைச் சுற்றி வளையும். மரம் சின்னது, எங்கள் ஊர் இலந்தை அளவு.

"இத வெட்டிட்டு நேரா போட்டா என்ன?" என்று வந்த புதிதில் கேட்டுவிட்டேன்.

டோனி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"வெட்டுறியா மர்ஃபி? நீயே வெட்டு. நான் வேன்ல உக்காந்துக்கிறேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிறேன்."

அந்த மரம் கண்ணுக்குத் தெரியாத வேறு ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாம். அந்தக் கூட்டத்தின் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம். அவர்கள் போகிற வழியில் வீடு கட்டினால் வீட்டு மூலையை இடித்துக் கொடுக்க வேண்டுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் அந்த மரத்தை அவன் சுற்றித்தான் போனான்.

இன்னோர் இடத்தில் ரோட்டோரம் கல் குவியல் கிடந்தது. குழியில் போடலாம் என்று இரண்டு கல் எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் காலத்தில் கல்லறைக்குச் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிப் போகிறவர்கள் அங்கே இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்களாம். கூட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கல் போடுவார்களாம். எடுத்த கல்லைத் திரும்ப வைத்தேன்.

ஊரில் எங்களுக்கு ரோட்டில் பயம் என்றால் மனிதர்களிடம்தான். எந்தத் தெரு வழியாகப் போகலாம், எதில் போகக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை தனி. வயல் வரப்பில் போகும். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் பாடை போகும். இங்கே வந்தால் எந்த ரோட்டிலும் நடக்கலாம். ஆனால் ரோட்டில் ஆளே இல்லை. அதுவும் எனக்குப் பழகவில்லை.

3

பசிப்புல்லைப் பற்றியும் டோனிதான் சொன்னான்.

எங்கள் ஊரிலிருந்து, அதாவது இங்கே நாங்கள் இருக்கிற சின்ன டவுனிலிருந்து, மூன்று மைலில் ஒரு மலை. அதில் ஒரு பழைய ரோடு ஏறுகிறது. ஏறி, மேலே நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் ஊர் இல்லை, வீடு இல்லை. புல்வெளியும் சதுப்பும்தான். வடிகால் பார்க்க அங்கே போயிருந்தோம்.

"இது எங்க போகுது?"

"எங்கயும் போகல."

"அப்ப எதுக்குப் போட்டாங்க?"

"சும்மா சோறு போடக் கூடாதுன்னு போட்டாங்க."

உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலமாம். அரசாங்கம் பசித்தவர்களை வரிசையில் நிறுத்திக் கல் உடைக்க வைத்ததாம். ரோடு தேவையோ இல்லையோ, வேலை வாங்கிவிட்டுத்தான் கொடுப்பார்களாம். உடைத்த இடத்திலேயே விழுந்தவர்கள் உண்டு. விழுந்த இடத்தில் முளைத்த புல் பசிப்புல். அதை மிதித்தால் அந்தச் செத்தவனின் பசி நமக்கு வந்துவிடும். வயிற்றில் அப்போதே ஏதாவது விழவில்லை என்றால் ஆளும் விழுந்துவிடுவான்.

சொல்லிவிட்டு மேல்கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே ஒரு ரொட்டி ஓரம் இருந்தது. தினமும் ரொட்டியின் ஓரத்தை அவன் தின்னாமல் பையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கஞ்சப்பயல் என்று நினைத்திருந்தேன்.

"எங்க அப்பன் வச்சிருந்தாரு. நானும் வச்சிருக்கேன். நம்புறியான்னு கேக்காத. பையில கெடக்கட்டும்."

கெடக்கட்டும். என் அப்பாவும் இதே சொல்லைச் சொல்வார். ரோட்டு வேலையில் தூக்குவாளியைத் திறந்தால் முதலில் ஒரு சிட்டிகைச் சோற்றை ஜல்லிக் குவியலில் போடுவார். எதுக்குப்பா என்றால், கெடக்கட்டும் என்பார். பிறகொரு நாள் சொன்னார். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில், தாது வருஷப் பஞ்சத்தில், எங்கள் ஆட்கள் கஞ்சிக்குக் கல் உடைத்தார்களாம். எந்த ரோடு என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாததால் எல்லா ரோட்டிலும் போட்டார்.

இதைச் சொன்னதும், இரண்டு ஊரிலும் அப்போது ஒரே இங்கிலாந்து ராணிதான் என்றான் டோனி. அந்த மலையில் எனக்கு அன்றைக்கே கழுத்தில் வேர்த்தது.

4

அப்பா ஐந்து வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில் செத்தார். என்னால் போக முடியவில்லை. இங்கே நம் படம் போட்ட ஓர் அட்டை தருவார்கள். அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். என் அட்டை முடிந்துவிட்டது. புதியதற்கு எழுதிப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் லைன் போய்விட்டது.

எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். வயல் சேற்றில் என் அண்ணன் கருப்பையா நடப்பதைப் பார்த்தேன். அப்பா வாழ்நாள் முழுக்கத் தார் ரோடு போட்டார். அவர் போன வழியில் ரோடு இல்லை. அண்ணன் இரண்டு தடவை வாய்க்கரிசி போட்டார். இரண்டாவது தடவை போனைப் பார்த்து, "இது ஒனக்குடா" என்றார்.

அன்றிலிருந்து தை அமாவாசைக்கு நான் தவறுவதில்லை. அப்பா போட்டோவுக்குப் படைத்து, காக்கா எடுத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். நாலு வருஷம் வீட்டுப் பின்சுவரில் வைத்தேன். காக்காவும் வந்தது. போன வருஷம் வைத்த மறுவாரமே வாடகை வீட்டு ஏஜெண்டிடமிருந்து கடிதம். வெளியே உணவு வைக்கிறீர்கள் என்று புகார், எலி வருகிறது, இனி வைத்தால் நடவடிக்கை என்று. கயல்தான் படித்துச் சொன்னாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, என் ஃபிரெண்ட்ஸ் வீட்ல யாரும் இப்படிச் செய்யல."

"அவங்க தாத்தா சாப்பிட்டாச்சுபோல."

அவள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் என்னோடு கடைக்கு வந்தாலும் நாலடி தள்ளித்தான் வருகிறாள். சோறு பிடிப்பதில்லை. சர்க்கரைப் பொங்கல் என்றால் நெய் வாடை என்று மூக்கைப் பிடிப்பாள்.

5

இந்த வருஷம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. ஜெயாவுக்கு ஏழு மணிக்கு டியூட்டி. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் போனாள். சாதம், பருப்பு, வாழைக்காய், இரண்டு வடை. அப்பாவுக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கல்.

எனக்கு இரண்டு வருஷமாகச் சுகர். காலையில் மாத்திரை. போகும்போது ஜெயா சொன்னாள்.

"இந்தா பாருங்க. சாப்பிட்டா மாத்திர. சாப்பிடலைன்னா மாத்திர வேணாம். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் போன பிறகு தண்ணீர் இல்லாமலே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மாத்திரை சாப்பாடு இல்லையே, விரதம் முறியாது என்று நினைத்தேன். போடாமல் விட்டால் சுகர் ஏறிவிடும் என்ற பயமும் இருந்தது. ஊரில் எங்கள் தெருவில் சுகர் உள்ள எல்லோரும் விரத நாளில் இதைத்தான் செய்கிறார்கள். இது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படைத்து முடித்துப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். மலை ரோட்டில், சவப்பெட்டி இறக்கி வைத்த அந்தக் கல் குவியலுக்குப் பக்கத்து மரங்களில் காக்காக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே வைத்தால் கடிதம் போட யாரும் இல்லை. கயலைத் தனியாக வீட்டில் விட முடியாது. முனகிக்கொண்டே வந்தாள். காரை ஜெயா கொண்டுபோய்விட்டாள். நடைதான். தூக்குவாளி என் கையில்.

அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி. குவியலின் தட்டைக் கல்லில் இலைத்துண்டு போட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தேன்.

"கா... கா..."

மரத்தில் ஒன்றும் இல்லை. தூரத்தில் சத்தம் மட்டும் கேட்டது.

"நீயும் கூப்புடு."

"யாராவது பாத்தா?"

"யாரு இருக்கா இங்க?"

சுற்றிப் பார்த்துவிட்டுச் சின்னக் குரலில் கூப்பிட்டாள். பிறகு பெரிதாகக் கூப்பிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி கூப்பிட்டோம். ஒன்றும் வரவில்லை.

சத்தம் மேலே இருந்துதான் வந்தது. இலையோடு எடுத்துத் தூக்குவாளியில் வைத்து, ரோடு முடிகிற இடத்துக்குப் போகலாம் என்றேன். அதுதான் இரண்டாவது தப்பு.

பாதி வழியில் பனி இறங்கியது. ஊர்ப் பனி இல்லை இது. மலை மேலிருந்து சுவர் மாதிரி நகர்ந்து வரும். முன்னால் வேலி மறைந்தது. பிறகு பின்னால் வந்த ரோடு மறைந்தது. காக்காச் சத்தமும் நின்றது. கயல் நாலடி தள்ளி நடக்கவில்லை. என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

6

முதலில் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் முதுகெல்லாம் வேர்வை கொட்டியது. பிறகு பசி.

நான் பசி தெரியாதவன் இல்லை. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இது அந்தப் பசி இல்லை. வயிற்றுக்குள் வேறொருத்தன் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கியது. ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பசிப்புல்.

மிதித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாத்திரை ஞாபகமே வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே என்னுடையது இல்லை.

பனிக்குள் ஆட்கள் நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நின்றார்கள். சம்மட்டி வைத்திருந்தார்கள். சிலர் இந்த ஊர்க்காரர்கள். சிலர் காலில் சாக்குச் சுற்றியிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தார்கள்.

"அப்பா? அப்பா, என்ன ஆச்சு?"

கயல் என் முகத்தைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. போனை எடுத்து மேலே தூக்கிப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

"நான் ஓடிப் போய் யாரையாவது..."

அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். என் பயமெல்லாம் அதுதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சதுப்பு. மேலே புல், கீழே ஆளை முழுங்குகிற கறுப்புத் தண்ணீர். பனியில் ஓரடி தள்ளி வைத்தால் போதும். நான் செத்துப்போனாலும் இவள் இந்தக் கல் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. தமிழும் குழறியது.

"கல்லு... கல்லு மேல... கல்ல விட்டு எறங்காத."

"எனக்குப் புரியல. அப்பா, எனக்குப் புரியல!"

அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தினாள். நர்ஸ் மகள். என் நெற்றி வேர்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

தலையை ஆட்டினேன்.

"மாத்திரை?"

ஆமாம் என்று ஆட்டினேன்.

"ஓ நோ" என்றாள். தூக்குவாளியைத் திறந்து பொங்கலை அள்ளி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு முட்டாள் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் அது அப்பா சோறு. காக்கா எடுக்காத சோறு. அவர் வாயில் ஒரு பிடி அரிசி போட வராதவன் நான். அவர் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. கண் மங்குகிறது, படுத்த மாதிரி சாய்ந்திருக்கிறேன், பெற்ற பிள்ளை வாய்க்கு நேரே சோற்றை நீட்டுகிறாள். எனக்கு வாய்க்கரிசி போடுகிறாள் என்று பயந்துவிட்டேன். வாயைத் திறந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"சாப்பிடுங்க அப்பா, ப்ளீஸ்."

"தாத்தா... மொதல்ல..."

"தாத்தா இங்க இல்ல!"

"காக்கா..."

அவள் பனியைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். ஒரு இறகுகூட இல்லை. என்னைப் பார்த்தாள்.

பிறகு குந்தி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கழுத்தை நீட்டி, "கா" என்றாள். இன்னும் சத்தமாக, "கா, கா" என்றாள். தலையைக் குனிந்து தூக்குவாளியிலிருந்து வாயாலேயே ஒரு வாய் பொங்கல் எடுத்தாள். நெய் வாடை என்று மூக்கைப் பிடிக்கிற பிள்ளை. மென்றாள். முழுங்கினாள். மூக்கில் பொங்கல் ஒட்டியிருந்தது. கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"காக்கா சாப்பிட்டுச்சு" என்றாள். "இப்ப நீங்க."

வாயைத் திறந்தேன்.

7

நாலு வாய் ஊட்டினாள். ஐந்தாவது வாயை நானே எடுத்தேன். நடுக்கம் நிற்கக் கால் மணிக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் என் மடியில் ஏறி உட்கார்ந்து கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வயதில் விமானத்தில் அப்படித்தான் வந்தாள்.

பனிக்குள் நின்றவர்கள் இல்லை. சுகர் இறங்கினால் கண்ணுக்கு அப்படி எல்லாம் தெரியும் என்று ஜெயா பிறகு சொன்னாள். இருக்கலாம். எழுந்திருக்கும்போது மிச்சப் பொங்கலையும் சாதத்தையும் அந்தப் புல்லில் கொட்டினேன். ஒரு சிட்டிகை இல்லை, எல்லாவற்றையும். வடையையும் வைத்தேன்.

"யாருக்கு?" என்று கயல் கேட்டாள்.

"கெடக்கட்டும்."

காலால் தடவித் தடவி இறங்கினோம். பழைய ரோட்டின் ஓரத்தில் பெரிய கல்லை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மேலே புல் மூடினாலும் காலுக்குத் தெரியும். பசித்தவன் பதித்த கல் ஒன்றுகூட ஆடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே இருட்டுமுன் கீழே வந்துவிட்டோம்.

ஜெயா கத்தினாள். "வெறும் வயித்துல மாத்திர போட்டிருக்கீங்க. நான் தெனம் பத்துப் பேருக்குச் சொல்றேன், என் வீட்டு ஆம்பளைக்குக் காது இல்ல." பிறகு கயலைக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ராத்திரி எங்கள் மூன்று பேருக்கும் ஒரே அறையில்தான் தூக்கம்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் வேனுக்குள் டோனியிடம் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

"கொஞ்சம் அங்க போட்டுட்டு வந்தியா?"

"எல்லாத்தையும் போட்டேன்."

"நல்லது மர்ஃபி" என்றான். தன் ரொட்டி ஓரத்தைப் பிய்த்து என் பக்கம் நீட்டினான். பையில் கை விட்டுக் காட்டினேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காலையில் கயல் போட்டது. இன்றைக்கு வரை தினமும் போடுகிறாள்.

அப்போது போன் அடித்தது. ஊரிலிருந்து அண்ணன்.

"என்னடா, நேத்துப் படைச்சியா?"

"படைச்சேண்ணே."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"குளிருண்ணே."

"சரி சரி. காக்கா எடுத்துச்சா?"

மலைக்கு எதிர்ப்பக்கச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துச்சுண்ணே."

"ஒடனே வந்துச்சா, காக்க வச்சுச்சா?"

"ரொம்பக் காக்க வச்சுச்சு."

"எத்தன காக்கா?"

"ஒன்னுதாண்ணே."

"ஒன்னு போதும்டா" என்றார் அண்ணன். "நீ சாப்புட்டியா?"